ரெண்டு தடவை கூவிய கார்டு

பணிமனையில் அவருடைய பெயரைச் சொல்லி விசாரித்தால் வாட்ச்மேன் உதட்டைப் பிதுக்குவார். 'ரைட்டு' என்று கேட்டால், "அதோ, அந்த வண்டிக்குப் பின்னாடி யாரையோ திட்டிட்டு நிக்கிறாரே, அவர்தான்" என்று கை காட்டுவார். இருபத்தேழு வருடமாக ஒரே தடத்தில் கண்டக்டர். வண்டியைக் கிளப்பச் சொல்லும் 'ரைட்டு' வாயோடு ஒட்டிப்போய், சாப்பிட்டுக் கை கழுவினாலும் ரைட்டு, பல்லைப் பிடுங்கிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்தாலும் ரைட்டு என்றாகிவிட்டது.

எண்பது பேர் நெருக்கியடிக்கும் வண்டியில் யாருக்கு எவ்வளவு மீதி தர வேண்டும் என்பதை முகத்தைப் பார்த்தே சொல்வார். ஒரு தடவைகூட ஆள் மாற்றிக் கொடுத்ததில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. அதைவிடப் பெரிய தலைக்கனம் அவர் வைத்திருந்த ஒரு நோட்டுப் புத்தகம். டிக்கெட் இல்லாமல் பிடிபடுகிறவர்கள் சொல்லும் சாக்குகளை நம்பர் போட்டு எழுதி வைத்திருந்தார். ஒன்று, பர்ஸை வீட்டில் வைத்துவிட்டேன். இரண்டு, இப்போதுதான் ஏறினேன். நான்கு, என் டிக்கெட் இன்னொருவரிடம் இருக்கிறது. ஏழு, நானும் டிபார்ட்மென்ட் ஆள்தான். மழை கொட்டி வண்டி ஓடாத நாட்களில் பணிமனையே கூடி உட்கார, இதை ராகம் போட்டு வாசிப்பார். வண்டியில் பிடிபட்டவன் வாயைத் திறந்து பாதி சொல்வதற்குள், "நாலாம் நம்பர். சரி, மேல சொல்லு" என்பார். அவன் மேலே சொல்ல மாட்டான்.

அப்பேர்ப்பட்டவர் மூன்று நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு மகளைப் பார்க்க நகரத்துக்கு வந்தார். அந்தக் குடும்பத்தில் மேலே மூன்று தலைமுறையைத் துழாவினாலும் பள்ளிக்கூடத்தை முழுசாகத் தாண்டியவர் ஒருவர் தேறமாட்டார். இவள் பொறியியல் பட்டம் வாங்கி, குடிநீர் வாரியத்தில் வேலைக்கும் தேர்வாகியிருந்தாள். அவர் வந்து இறங்கிய மறுநாள் காலையில் வேலையில் சேர வேண்டும்.

வந்ததும் முதல் வேலையாக ரயில் நிலையக் கவுன்டரில் மகள் அவருக்கு ஒரு நீலக் கார்டு வாங்கிக் கொடுத்தாள். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கென்றே கொடுக்கிற விசிட்டர் கார்டு. பிறகு பக்கத்தில் இருந்த ஓர் இயந்திரத்தின் வாயில் ஒரு ரூபாய் நோட்டை நீட்டினாள். அது சத்தமில்லாமல் விழுங்கியது.

"இதுல காசு ஏத்தியாச்சுப்பா. தீர்ந்துபோனா மறுபடி இப்படியே ஏத்திக்கலாம். பஸ்ஸுக்கும் இதான், ரயிலுக்கும் இதான்."

ரைட்டு கார்டை உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். "காசு உள்ள போச்சா?"

"போச்சு."

"முன்ன இருந்த கனம்தான இருக்கு?"

மகள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "ஏறும்போது மெஷின்ல வச்சீங்கன்னா ஒரு தடவை கூவும். பச்சை எரியும். ரயில்ல மட்டும் இறங்கி வெளிய வரும்போதும் வைக்கணும். அவ்வளவுதான்."

"டிக்கெட்டு?"

"கிடையாதுப்பா."

"கிடையாதா! செக்கர் வந்தா எதைக் காட்டுறது? நான் எங்க ஏறுனேன், எங்க இறங்குவேன்னு இதுல எங்க எழுதியிருக்கு? டிக்கெட்டு இல்லாம வண்டியில உட்காருறதும் சட்டை இல்லாம உட்காருறதும் ஒண்ணுதான்."

"ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க. ஒரு ஆளுக்கு ஒரு கார்டு. இதை யார்கிட்டயும் குடுக்காதீங்க. யார் கார்டையும் வாங்காதீங்க."

"எனக்கா பஸ்ஸு சொல்லித் தர்றே?" என்றார் ரைட்டு. அந்தக் கேள்வி மறுநாள் அவரைத் துரத்திப் பிடித்தது.

அன்று சாயங்காலம் மகள் கடைக்குப் போயிருந்த நேரத்தில் அவளுடைய ஃபைலிலிருந்து பட்டச் சான்றிதழை எடுத்துப் பார்த்தார். ஒருமுறை வாசித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி வாசித்தார். முத்திரையை விரலால் தடவினார். எல்லாம் சரி, ஆனால் காகிதம் சுருட்டியே கிடந்ததால் நாலு ஓரமும் மேலே தூக்கிக்கொண்டு நின்றது. வேலைக்குப் போகிற பெண்ணின் சான்றிதழ் சுருட்டி வைத்த பாய் மாதிரியா இருப்பது? இரண்டு செய்தித்தாளுக்கு நடுவே வைத்து, தான் படுக்கும் மெத்தைக்கு அடியில் நீட்டி வைத்தார். காலையில் நிமிர்ந்திருக்கும், எடுத்து ஃபைலில் வைத்துவிடலாம் என்று நினைத்தார். நினைத்ததோடு சரி.

காலையில் மகள் எட்டு மணிக்கெல்லாம் ஃபைலைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். ஒன்பதே முக்காலுக்குப் போன் வந்தது.

"அப்பா, ஃபைல்ல சர்டிபிகேட் இல்லப்பா! பதினோரு மணிக்குள்ள ஒரிஜினலைக் காட்டலைன்னா லிஸ்ட்ல அடுத்த ஆளைக் கூப்பிட்டுருவாங்களாம். நான் எங்க வச்சேன்னே தெரியலையே!"

ரைட்டு மெத்தையைத் தூக்கினார். சான்றிதழ் தேய்த்துப் போட்ட சட்டை மாதிரி நிமிர்ந்து கிடந்தது.

"நீ எங்கயும் வைக்கலம்மா" என்றார். "நான்தான் நிமித்தி வச்சிருக்கேன்."

"ஆட்டோ எடுத்தா இந்த நேரத்துக்கு ரோட்டுலயே நிக்கணும்" என்றாள் மகள். "பஸ் பிடிச்சு ரயிலுக்கு மாறுங்க. அஞ்சாவது ஸ்டேஷன். ஆபீஸ் ஸ்டேஷனுக்கு மாடியிலதான். நான் வேணா எதிர்ல வரட்டுமா?"

"நீ இடத்தை விட்டு அசையாதே. வண்டி ஏறி ஒரு இடத்துக்குப் போய்ச் சேர எனக்குத் தெரியாதா?"

இரண்டு அட்டைத் துண்டுக்கு நடுவே சான்றிதழை வைத்து நூலால் கட்டி, இடது அக்குளில் இடுக்கிக்கொண்டு கிளம்பினார்.

வந்த பேருந்தில் கண்டக்டர் கிடையாது. டிரைவருக்குப் பக்கத்தில் ஒரு கம்பம், கம்பத்தில் ஒரு மெஷின். அதோடு சரி. வாத்தியார் வராத வகுப்பு மாதிரி வண்டி முழுக்க ஆளாளுக்கு நின்றுகொண்டிருந்தார்கள். ரைட்டு தன் கார்டை வைத்தார். ஒரு தடவை கூவிப் பச்சை எரிந்தது. அப்படியே கம்பத்தில் சாய்ந்துகொண்டார். அடுத்த நிறுத்தத்தில் பின்வாசல் வழியாக ஒரு பெருங்கூட்டம் ஏறியது. முன்னால் நகர வழியில்லாமல், கார்டுகளை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குக் கொடுத்து மெஷின் பக்கம் அனுப்பினார்கள். கடைசியில் மெஷினுக்கு அருகே நின்றது யார்? ரைட்டு.

ஒருவர் கார்டை நீட்டினார். வாங்கி வைத்துத் திருப்பிக் கொடுத்தார். ஓர் உதவிதானே. இரண்டாவது வந்தது. நாலாவது வந்தபோது அவருடைய முதுகு தானாக நிமிர்ந்துவிட்டது.

"உள்ள போங்க, உள்ள போங்க! நடுவுல எவ்வளவு இடம் கிடக்கு! அந்தப் பையை எடுத்து மடியில வைம்மா. யார் இன்னும் கார்டு வைக்கல? கார்டு, கார்டு!"

வண்டி சொன்னபடி கேட்டது. டிரைவர்கூடக் கண்ணாடியில் ஒருமுறை மரியாதையாகப் பார்த்தார். கண்டக்டர்கள் ரூபாய் நோட்டை நீளவாக்கில் மடித்து விரலிடுக்கில் செருகிக்கொள்வார்கள் இல்லையா, அதேபோல ஒவ்வொரு விரலிடுக்கிலும் ஒரு கார்டு. சுண்டுவிரல் இடுக்கில் அவருடைய சொந்தக் கார்டு. எல்லாம் ஒரே நீலம். படமும் எழுத்தும் இருக்கிற பக்கத்தைத் திருப்பிப் பார்க்க, அக்குளில் இருந்த அட்டைக்கட்டு விடவில்லை. ஒரு கார்டுக்கு மட்டும் மெஷின் ரெண்டு தடவை கூவி, மஞ்சள் விளக்கு எரிந்தது. அதை நீட்டியவர், எப்படியோ முண்டியடித்து முன்சீட்டில் இடம் பிடித்துவிட்ட ஒரு தையல்காரம்மா. மடியில் தைத்த ரவிக்கை மூட்டை. "இது கடைசி ஸ்டாப்புக்குப் போகும்ல?" என்று வேறு அவரிடமே கேட்டார்.

"போகும், உட்காருங்க" என்றார் ரைட்டு, அந்த வண்டி எங்கே போகும் என்று தெரியாமலே. கார்டையும் கொடுத்தார். "ரைட்டு!" என்று குரலும் கொடுத்தார். டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார்.

ரயில் நிலையத்தில் உள்ளே போகும் கதவில் கார்டை வைத்தார். ரெண்டு தடவை கூவியது. மஞ்சள் எரிந்தது. கதவு திறந்தது. 'விசிட்டருக்கு ரெண்டு தடவை மணியடிச்சு வரவேற்கிறான் பாரு, ரயில்ல மரியாதையே தனி' என்று நினைத்துக்கொண்டார். ஐந்தாவது நிலையத்தில் இறங்கி வெளியே போகும் கதவில் வைத்தபோதும் அதே மரியாதை. ஆனால் இங்கே மஞ்சள் எரிந்ததும், பக்கத்தில் நின்றிருந்த செக்கர் கையை நீட்டிக் கதவை மறித்தாள். மகள் வயதுதான் இருக்கும். அவளுக்கு மேலே சுவரில் இருந்த கடிகாரத்தில் பத்து நாற்பது.

"சார், கார்டைக் காட்டுங்க."

நிமிர்ந்த தலையோடு கொடுத்தார். அவள் திருப்பிப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மறுபடி கார்டைப் பார்த்தாள்.

"மூத்த குடிமக்கள் சலுகை. மகளிர். வயசு அறுபத்திரண்டு" என்று வாசித்தாள். "இந்தப் போட்டோல மூக்குத்தி போட்டிருக்கிறது நீங்களா சார்?"

ரைட்டு எட்டிப் பார்த்தார். ரவிக்கை மூட்டைக்காரம்மா கார்டுக்குள்ளிருந்து அவரை முறைத்துக்கொண்டிருந்தார்.

"ஐயோ! என் கார்டு அந்தம்மாகிட்ட இருக்கு!" என்று கத்தினார். கத்தின பிறகுதான் காதில் விழுந்தது. நாலாம் நம்பர்.

"எந்தம்மா சார்?"

"பஸ்ல வந்தாங்க. நான் எல்லார் கார்டையும் வாங்கி வச்சுக் குடுத்தேன்."

"உங்களை யார் வாங்கச் சொன்னா?"

"யாரும் சொல்லல. பழக்கம். நானும் கண்டக்டர்தான்மா!" ஏழாம் நம்பர். நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"இந்த வாரத்துல நீங்க மூணாவது கண்டக்டர்" என்றாள் செக்கர். "அடையாள அட்டை?"

"அது ஊர்ல... வீட்டுல..." ஒன்றாம் நம்பர். நோட்டு முழுவதும் அவர் வாய் வழியாக வரிசை கட்டி இறங்கிக்கொண்டிருந்தது. இருபத்தேழு வருடத்தில் எத்தனை பேரை இப்படி நிறுத்தியிருப்பார். இவ்வளவு வியர்க்கும் என்று அவர்களில் ஒருவரும் சொல்லவே இல்லையே.

செக்கர் ஒரு படிவத்தை எடுத்தாள். "ரெண்டு வழி இருக்கு சார். இதுல கையெழுத்துப் போட்டு, அபராதம் கட்டிட்டு இப்பவே போகலாம். இல்லைன்னா, கார்டுக்காரங்களைக் கண்டுபிடிச்சு விசாரிக்கிற வரைக்கும் இங்கயே இருக்கணும்."

ரைட்டு படிவத்தை வாசித்தார். 'பிறருடைய சலுகைக் கார்டை, தெரிந்தே, என் பயணத்துக்குப் பயன்படுத்தினேன்.' அந்தத் 'தெரிந்தே'யை மறுபடி வாசித்தார். டிபார்ட்மென்ட் ஆள் ஒருவர் இதில் கையெழுத்துப் போட்டுவிட்டு எந்த முகத்தோடு அடுத்தவனிடம் டிக்கெட் கேட்பது? கடிகாரம் பத்து நாற்பத்தாறு. அக்குளில் அட்டைக்கட்டு ஈரமாகத் தொடங்கியது.

"பேனா குடும்மா" என்றார்.

பேனாவை வாங்கியவர் மறுபடி கடிகாரத்தைப் பார்ப்பதைச் செக்கர் கவனித்தாள். "அப்படி என்ன சார் அவசரம்?"

"என் பொண்ணு இன்னிக்கு வேலையில சேர்றா. பதினோரு மணிக்குள்ள இந்த சர்டிபிகேட் அவ கைக்குப் போகணும். இல்லைன்னா வேலை அடுத்த ஆளுக்குப் போயிரும்."

"எந்த ஆபீஸ்?"

"குடிநீர் வாரியம்."

செக்கர் தலையை நிமிர்த்தி மேலே பார்த்தாள். "இதே மாடியா? ஏன் சார், போன் பண்ணா உங்க பொண்ணு ரெண்டு நிமிஷத்துல இறங்கி வந்து வாங்கிட்டுப் போயிரும்ல?"

"போன் பண்ணா..." ரைட்டு குரலைத் தாழ்த்தினார். "போன் பண்ணா நான் மாட்டிக்கிட்டது அவளுக்குத் தெரிஞ்சுபோகுமேம்மா."

"அதுக்காகக் குத்தத்தை ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போடப் போறீங்களா?"

"'எனக்கா பஸ்ஸு சொல்லித் தர்றே?'ன்னு நேத்துதான் அவகிட்ட கேட்டேன்."

செக்கர் படிவத்தை அவர் கையிலிருந்து மெல்ல உருவிக்கொண்டாள். "சார், இந்த இடத்துல நிறைய சாக்கு கேட்டிருக்கேன். இது புதுசு. போனைப் போடுங்க."

பத்து ஐம்பத்தொன்றுக்கு மகள் படிக்கட்டில் இரண்டிரண்டு படியாகத் தாண்டி ஓடி வந்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் மகள், இந்தப் பக்கம் ரைட்டு, நடுவில் செக்கர். ரைட்டு அட்டைக்கட்டை நீட்டப் போனவர் சட்டென்று கையை இழுத்துக்கொண்டு செக்கரைப் பார்த்தார்.

"இதுக்கு லக்கேஜ் கட்டணம் எதுவும் உண்டா?"

"குடுங்கப்பா!" என்று மகள் எட்டிப் பிடுங்கினாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். உள்ளே சான்றிதழ் ஒரு மடிப்பு இல்லாமல், ஓரம் தூக்காமல் இருந்தது. அதைப் பார்த்தாள். கதவுக்குள் நிற்கிற அப்பாவைப் பார்த்தாள். "நீங்க ஏன்ப்பா உள்ளயே நிக்கிறீங்க?"

"இவங்களுக்குக் கொஞ்சம் கூடமாட ஒத்தாசை" என்றார் ரைட்டு.

செக்கர் கூரையைப் பார்த்தாள். மகள் அவள் கையிலிருந்த கார்டையும், அதிலிருந்த மூக்குத்தியையும் பார்த்துவிட்டாள். வாயைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பி ஓடினாள். அவள் தோள் குலுங்கியது அழுகையிலா சிரிப்பிலா என்று ரைட்டுக்குத் தெரியவில்லை. சிரிப்புத்தான் என்று செக்கர் பிறகு சாட்சி சொன்னாள்.

"சரி, அந்தம்மாவை எங்க தேடுறது?" என்று போனை எடுத்தாள் செக்கர்.

இது ரைட்டுக்குத் தெரிந்த வேலை. "ரெண்டாவது ஸ்டாப்புல பின்வாசல்ல ஏறுனாங்க. டிரைவருக்குப் பின்னாடி மூணாவது சீட்டு, ஜன்னலோரம். ரவிக்கை மூட்டை. பச்சைச் சேலை. கடைசி ஸ்டாப்புல இறங்குவாங்க."

"கூட்டத்துல இவ்வளவும் பார்த்தீங்க, கார்டைத் திருப்பிப் பார்க்கல" என்றபடி அவள் கடைசி நிறுத்தத்து அலுவலகத்துக்குப் போட்டாள். எதிர்முனையில் எடுத்தவர் பேசுவதற்குள் பின்னாலிருந்து ஒரு பெண்குரல் இரைவது, போனைக் காதில் வைக்காத ரைட்டுக்கே கேட்டது.

"எட்டு மாசமா என் கார்டு ரெண்டு தடவை கூவுது! அடுத்த பஸ்ல வைக்கிறேன், ஒரே ஒரு தடவை கூவி, முழுக் காசையும் எடுத்துக்குது! திருப்பிப் பார்த்தா விசிட்டர்னு போட்டிருக்கு! நான் இந்த ஊர்லயே பிறந்து வளர்ந்தவ, எனக்கு விசிட்டரா?"

தையல்காரம்மாவை ஒரு வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். அவர் வந்து சேர இருபத்தைந்து நிமிடம் ஆனது. அந்த நேரம் முழுக்க ரைட்டு கதவருகே நின்று, "கார்டைக் கையில எடுத்து வச்சுக்கிட்டு வாங்க, வழியில நிக்காதீங்க" என்று வருவோர் போவோரை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். செக்கர் இரண்டு முறை உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தார். உடனே எழுந்துகொண்டார்.

"நீதானாப்பா அந்த ஆளு?" என்று மூட்டையோடு வந்து நின்றார் தையல்காரம்மா. "உன்னை யாரு என் கார்டை வாங்கச் சொன்னா?"

"நீங்கதானக்கா நீட்டுனீங்க?"

"கண்டக்டர் மாதிரி கையை நீட்டிக்கிட்டு நின்னே. நீட்டுனேன்."

"நான் கண்டக்டர்தான்க்கா."

"நல்ல கண்டக்டர்! ஆள் மாத்திக் குடுக்கிற கண்டக்டர்!"

எந்த அபராதமும் செய்ய முடியாததை அந்த ஒரு வாக்கியம் செய்தது. ரைட்டு தன் விசிட்டர் கார்டை வாங்கிக்கொண்டு, அந்தம்மா கார்டிலிருந்து போன ரயில் கட்டணத்தைக் கையில் கொடுத்து, அவருடைய கார்டை இந்த முறை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து ஒப்படைத்தார். தையல்காரம்மா பெற்றுக்கொண்டு, ஒரு சந்தேகத்துக்கு மெஷினில் வைத்துப் பார்த்தார். ரெண்டு தடவை கூவியது. "ம்" என்று திருப்தியாக உள்ளே போனார்.

செக்கர் ஒரு சீட்டுப் புத்தகத்தை எடுத்தாள். "உங்க விசிட்டர் கார்டு இந்த ரயில்ல உள்ள வந்த கணக்கே இல்லை. அதனால கதவு உங்களை வெளிய விடாது. நான் கையால எழுதித் தர்றேன். சலுகை போக மீதிக் கட்டணத்தை மட்டும் கட்டிட்டு, இதைக் காட்டிட்டுப் போங்க." 'கார்டு தவறுதலாக மாறியது, வெளியேற அனுமதி' என்று எழுதி முத்திரை குத்தினாள்.

ரைட்டு வாங்கிப் பார்த்தார். முகம் மெல்ல மலர்ந்தது. "ஏறுன ஸ்டேஷன், இறங்குன ஸ்டேஷன், நேரம், இதையும் எழுதிரும்மா."

"எதுக்கு சார்?"

"அப்பத்தான் டிக்கெட்டு."

எழுதிக் கொடுத்தாள். ஓரத்தைக் கொஞ்சம் கிழித்தும் கொடுக்கச் சொன்னார். அதையும் செய்தாள். அப்போது மகள் படியிறங்கி வந்தாள். கழுத்தில் புது அடையாள அட்டை தொங்கியது.

"சேர்ந்துட்டேன்ப்பா. சர்டிபிகேட்டைப் பார்த்துட்டு அங்க இருந்தவர் கேட்டாரு, இவ்வளவு நேர்த்தியா எப்படி வச்சிருக்கீங்கன்னு."

"ரைட்டு" என்றார் அவர்.

ஊர் திரும்பியதும் நோட்டில் புது நம்பர் ஒன்று ஏறியது. 'முப்பத்தெட்டு, கார்டு மாறிப்போச்சு.' மற்ற எந்தச் சாக்குக்கும் இல்லாதபடி, அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது: 'உண்மையாகவும் இருக்கலாம்.' அந்தப் பக்கத்தை மட்டும் அவர் பணிமனையில் ராகம் போட்டு வாசிக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து மகள் போன் செய்தாள். "அப்பா, நீங்க படுத்திருந்த மெத்தையைத் தூக்கி உதறினேன். அடியில பேப்பருக்கு நடுவுல ஒரு சீட்டு கிடக்கு. ரயில்வே முத்திரை குத்தியிருக்கு. குப்பையில போட்டுரட்டுமா?"

"ஐயையோ, போட்டுறாதே!" என்று பதறினார் ரைட்டு. "கசங்கியிருந்துச்சு, நிமிரட்டும்னு வச்சேன். உன் ஃபைல்ல பத்திரமா வை. அது ஒரிஜினல்."